'நார்மல்'னுதானே போட்டிருந்துச்சு!

உங்க ஹாஸ்டல்ல கறுப்புச் சட்டையே போடாத ஒருத்தன் இருப்பான், கவனிச்சிருக்கீங்களா? கல்ச்சுரல்ஸுக்கு எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட்னு முடிவு பண்ணும்போது, 'எனக்கு அந்த கலர் ராசி இல்லடா'ன்னு நழுவுவான். மே மாசத்துலயும் முழுக்கைச் சட்டைதான். சலூனுக்குப் போகச் சொன்னா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப்போடுவான். பார்க்கிறவங்க, 'பையன் ஏதோ தனி ஸ்டைல் வெச்சிருக்கான்'னு நினைப்பாங்க. ஸ்டைலும் இல்லை, ராசியும் இல்லைங்க. தோள்ல உதிர்ற வெள்ளைச் செதில் வெளியே தெரியக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

எங்க ஹாஸ்டல்ல அந்த ஒருத்தன் நான்!

ஊர் கோவில்பட்டி பக்கம். படிச்சது திருச்சியில், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ப்ளஸ் டூ பரீட்சை நேரத்துல முழங்கையில ஒரு ரூபாய் காசு அளவுக்குச் சிவப்பா ஒரு படை. அம்மா படர்தாமரைன்னாங்க. பக்கத்து வீட்டுப் பாட்டி பூச்சிக்கடின்னாங்க. கடைசியில டாக்டர் விரல் நகத்தைப் பிடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தார். நகத்துல ஊசியால குத்தின மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள். 'சொரியாசிஸ்'னு எழுதினார்.

இது ஒட்டிக்காது. தொட்டாலும் ஒட்டிக்காது, ஒரே பக்கெட்ல குளிச்சாலும் ஒட்டிக்காது, என் துண்டை எடுத்து நீங்க முகம் துடைச்சாலும் ஒட்டிக்காது. இது கிருமியால வர்றது இல்லை. உடம்போட காவல்காரங்களான வெள்ளை அணுக்கள்ல 'டி செல்'னு ஒரு கோஷ்டி உண்டு. அது சொந்தத் தோலையே எதிரியா நினைச்சு எப்பவும் அலாரம் அடிச்சிக்கிட்டே இருக்கும். தோலும் பதறிப்போய் அவசர அவசரமா புது செல்களை உற்பத்தி பண்ணும். உங்க தோல்ல ஒரு செல் அடியில பிறந்து, மேல வந்து, உதிர்ந்து போக சுமாரா நாலு வாரம் ஆகும். எங்களுக்கு நாலஞ்சு நாள்லயே அந்தப் பயணம் முடிஞ்சிடும். பழசு விழுறதுக்குள்ள புதுசு வந்து நின்னா? அடுக்கடுக்கா செதில்தான்.

அம்மா வெட்பாலை இலையைப் பறிச்சுத் தேங்காய் எண்ணெயில போட்டு, மொட்டை மாடி வெயில்ல வெச்சிருப்பாங்க. சில நாள்ல எண்ணெய் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிடும். பார்க்க அவ்வளவு அழகா இருக்கும்! தடவினா அரிப்பு கொஞ்சம் அடங்கும். ஆனா என் தலையணை உறை எல்லாம் ஊதா.

இப்படியே ரெண்டு வருஷம் ஓடுச்சு. 2018-ல் மூணாவது வருஷம் ஆரம்பிச்ச சமயம், தொண்டைப் புண்ணோட ஒரு காய்ச்சல். அது போன ரெண்டே வாரத்துல முதுகு, வயிறு, கால், தலைன்னு எல்லா இடத்துலயும் சிவப்புத் திட்டு. காலையில எழுந்தா பெட்ஷீட்டை உதறணும். கீழே விழுறதைப் பெருக்கறதுக்குன்னே கட்டிலுக்கு அடியில ஒரு துடைப்பம் வெச்சிருந்தேன். ரூம்மேட் எதுவும் சொல்ல மாட்டான். அவன் சொல்லாம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கும். செப்டம்பர்ல கேம்பஸ் இன்டர்வியூ. எதிர்ல உட்கார்ற ஹெச்.ஆர். கை குடுத்தா என்ன பண்றது? இந்த ஒரு கேள்வியிலேயே எனக்குப் பாதி ராத்திரி போயிடும்.

தில்லைநகர்ல ஒரு தோல் டாக்டரைப் பார்க்கப் போனேன். பேசறதுல கறார், சிரிக்கிறதுல தாராளம். களிம்பு பூசற எல்லையைத் தாண்டியாச்சுன்னு சொல்லி, 'சைக்ளோஸ்போரின்' எழுதிக் கொடுத்தாங்க. காலையில 100 மில்லிகிராம், ராத்திரி 100. என் எடை 60 கிலோ. கிலோவுக்கு மூணு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல.

இந்த மருந்தோட ஜாதகம் ஒரு சினிமாக் கதை மாதிரிங்க. சுவிட்சர்லாந்துல சாண்டோஸ்னு ஒரு மருந்து கம்பெனி. அங்க வேலை பார்க்கிறவங்க லீவுல ஊர் சுத்தப் போனா, திரும்பி வரும்போது அந்த ஊர் மண்ணைக் கொஞ்சம் பாக்கெட் போட்டு எடுத்துட்டு வரணும். அதுல புதுசா ஏதாவது பூஞ்சை இருக்கான்னு தேடுவாங்க. அப்படி 1969-ல் நார்வே நாட்டு ஹார்டாங்கர்விடா பீடபூமியில எடுத்த மண்ணுல இருந்த ஒரு பூஞ்சைதான் சைக்ளோஸ்போரினுக்குத் தாய்வீடு. அது எதிர்ப்பு சக்தியை அடக்கும்னு 1972-ல் கண்டுபிடிச்சாங்க. ஒருத்தர் கிட்னியை இன்னொருத்தருக்கு வெச்சா உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும் இல்லையா? அந்தச் சண்டையை அடக்கறதுக்குன்னு 1983-ல் அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடியே, 1979-ல், மூட்டு நோய்க்காக இதைக் கொடுத்துப் பார்த்தவங்களுக்கு சொரியாசிஸும் சேர்ந்து மறையறதை டாக்டர்கள் கவனிச்சு எழுதிட்டாங்க. தேடாமலே கிடைச்ச மருந்து!

கெமிஸ்ட்ரி பையன்கிறதால இதையெல்லாம் லைப்ரரியில உட்கார்ந்து தேடித் தேடிப் படிச்சேன். ஆனா, படிக்க வேண்டியதை விட்டுட்டேன். எது? மருந்து எழுதின அன்னைக்கே டாக்டர் என்கிட்ட கொடுத்த ஒரு பேப்பர்.

அதுல இருந்தது இதுதான். மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ரத்தத்துல கிரியேட்டினின் பார்க்கணும். ஆரம்பிச்ச பிறகு முதல் மூணு மாசம் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாசா மாசம். ஒவ்வொரு தடவையும் பிரஷர். சொல்லாம வேற மாத்திரை எதுவும் சாப்பிடக் கூடாது. கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கூடாது. 12 முதல் 16 வாரத்துல மருந்தைக் குறைச்சு நிறுத்தணும்.

கிரேப்ஃப்ரூட்னு பார்த்ததும் என் ரூம்மேட், அம்மா கொடுத்து விட்ட ஒரு கிலோ திராட்சையை, 'மாப்ள, உனக்கு ஆகாதுடா'ன்னு ஒரே ராத்திரியில முடிச்சான். கிரேப்ஃப்ரூட் வேற, திராட்சை வேறன்னு மறுநாள்தான் தெரிஞ்சுது. அது சாத்துக்குடி ஜாதிப் பழம். நம்ம ஊர் பம்பளிமாஸ் அதுக்கு நெருங்கின சொந்தம். மருந்தைக் கரைச்சு வெளியேத்தற என்சைமை அது தடுத்துடும். மருந்து ரத்தத்துல அளவுக்கு மேல சேர்ந்துடும். என் திராட்சை போனது போனதுதான்.

மருந்து வேலை செஞ்ச வேகம் இருக்கே! மூணாவது வாரம் செதில் நின்னுது. ஆறாவது வாரம் முழங்கையில வெறும் பழுப்பு நிழல் மட்டும். என்.எஸ்.பி. ரோடு போய் ஒரு கறுப்புச் சட்டை வாங்கினேன். அரைக்கை! அதைப் போட்டுக்கிட்டு பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்ன அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தித் தனியா ஒரு கட்டுரை எழுதலாம். இன்டர்வியூவுக்கும் அதே அரைக்கை. ஹெச்.ஆர். கை குடுத்தார். நானும் குடுத்தேன். வேலை கிடைக்கலை. ஆனாலும் அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்.

ரெண்டாவது வாரம், நாலாவது வாரம் ரத்தப் பரிசோதனை ஒழுங்கா போச்சு. ஆறாவது வாரம் ப்ராக்டிகல். எட்டாவது வாரம் மழை. பத்தாவது வாரம் காரணமே தேடலை. உடம்புல ஒரு செதில் இல்லை, எதுக்கு டெஸ்ட்? அப்பா அச்சாபீஸ்ல வேலை பார்க்கிறார். மாத்திரை செலவே எங்க வீட்டு மளிகைச் செலவை எட்டிப் பிடிச்சுது. அதுக்கு மேல டெஸ்ட்டுக்கும் காசு கேட்க நாக்கு வரலை. டாக்டர்கிட்ட போனா டெஸ்ட் எங்கேன்னு கேட்பாங்க. அதனால டாக்டர்கிட்டயும் போகலை. பழைய சீட்டையே நீட்டினா ஒரு மெடிக்கல் ஷாப்ல அண்ணன் மாத்திரை கொடுத்துடுவார். 16 வாரம் ஆச்சு, நிறுத்தலை. நிறுத்தினா மறுபடி வந்துடுமோன்னு பயம். உண்மையைச் சொல்றேன், கறுப்புச் சட்டையை விட மனசு வரலை.

உடம்பு சும்மா இல்லை, சைகை காட்டிக்கிட்டேதான் இருந்துச்சு. நெத்தி ஓரத்துலயும் கையிலயும் பூனை முடி திக்கா வளர ஆரம்பிச்சுது. 'டேய் கரடி'ன்னு பேர் வெச்சாங்க. ஈறு லேசா வீங்கிப் பல் தேய்க்கறப்போ ரத்தம் வந்துச்சு. பிப்பெட் பிடிச்சா விரல் நடுங்கும். 'நைட்டு சரியா தூங்கலை'ன்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். மூணுமே சைக்ளோஸ்போரினோட பக்க விளைவுகள். ஆனா, நிஜமான விஷயம் நடந்துக்கிட்டிருந்த இடத்துல மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கிட்னிக்கு வலிக்கத் தெரியாதுங்க.

டிசம்பர்ல வாலிபால் ஆடும்போது கணுக்கால் பிசகிடுச்சு. அதே மெடிக்கல் ஷாப், அதே அண்ணன். டைக்ளோஃபெனாக், பத்து நாள். 'வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியா தம்பி?'ன்னு கேட்கலை. நானும் சொல்லலை.

2019 ஜனவரியில காலேஜ்ல ரத்ததான முகாம். ரூம்மேட் என்.எஸ்.எஸ். வாலன்டியர். 'தலை எண்ணிக்கை குறையுது மாப்ள, வந்து படுடா'ன்னான். படுத்தேன். பிரஷர் பார்த்த லேடி டாக்டர் ரெண்டாவது தடவையும் பார்த்தாங்க. அப்புறம் அடுத்த கையில. 150-க்கு 100.

'ஏதாவது மாத்திரை சாப்பிடறியாப்பா?'

'தோலுக்கு மேடம்…'

'பேர் என்ன?'

சொன்னேன். அவங்க கையில இருந்த பேனா நின்னுடுச்சு. 'ரத்தம் கொடுக்க வேணாம். இன்னைக்கே கிரியேட்டினின் பார்த்துட்டு உன் டாக்டர்கிட்ட போ'ன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதினாங்க. க்யூவுல நின்ன பசங்க முன்னாடி எழுந்து வந்தது அவமானமா இருந்துச்சு. கொடுத்த பிஸ்கட்டையும் வாங்கிக்கலை.

சாயங்காலம் ரிப்போர்ட். கிரியேட்டினின் 1.2. பக்கத்துல 'நார்மல்: 0.7 முதல் 1.3 வரை'ன்னு அச்சடிச்சிருந்துச்சு. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. 'நார்மல்டா மச்சான்!'னு ரூம்மேட் முதுகுல தட்டினான். ரெண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டுட்டு வந்து படுத்துட்டோம். அந்தத் துண்டுச் சீட்டு சட்டைப் பாக்கெட்லயே இருந்துச்சு.

மறுநாள் போனது எனக்கே ஆச்சரியம். பிரஷர்தான் உறுத்திச்சு. எங்க அப்பாவுக்கே 120-க்கு 80. எனக்கு எப்படி 150?

டாக்டர் திட்டுவாங்கன்னு தயாரா போனேன். திட்டலை. ஃபைலைத் திறந்து மருந்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை எடுத்தாங்க. புது ரிப்போர்ட்டைப் பக்கத்துல வெச்சாங்க. 0.8. 1.2.

'நீ கெமிஸ்ட்ரிதானே?'

'ஆமா மேடம்.'

'ப்யூரெட்ல ஆரம்ப ரீடிங் எழுதாம, கடைசி ரீடிங் மட்டும் எழுதினா உங்க சார் மார்க் போடுவாரா?'

எனக்கு உடம்பு சில்லுனு ஆயிடுச்சு. மூணு வருஷமா வாரத்துக்கு ரெண்டு நாள் அதைத்தானே பண்றேன்!

லேப்ல அச்சடிச்ச நார்மல் ஊருக்குப் பொதுவானது. குஸ்தி பயில்வானுக்கும் அதான், நோஞ்சானுக்கும் அதான். கிரியேட்டினின்கிறது தசையிலிருந்து வர்ற கழிவு. தசை அதிகம் இருந்தா அளவும் கொஞ்சம் கூட இருக்கும். ஒல்லிப் பையன் எனக்கு 0.8-தான் சொந்த நார்மல். அது 1.2 ஆனா 50 சதவிகிதம் ஏத்தம். இந்த மருந்து சாப்பிடறவங்களுக்கு, சொந்த அளவுலேர்ந்து 25, 30 சதவிகிதம் ஏறினாலே மறுபடி டெஸ்ட் பண்ணணும், ஏத்தம் அப்படியே நின்னா டோஸைக் குறைக்கணும். எனக்கு 1.0 வந்தப்பவே மணி அடிச்சிருக்கும். ஆனா, அது எந்த வாரம் வந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது. அந்த வாரங்கள்ல நான் டெஸ்ட் எடுக்கலையே!

ஒரு பேப்பர்ல அவங்க படம் போட்டுக் காட்டினது இன்னும் என்கிட்ட இருக்கு. ஒவ்வொரு கிட்னியிலயும் சுமார் பத்து லட்சம் குட்டி வடிகட்டிகள். ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவம் வடிகட்டப்பட்டு, அதுல பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பப் போகுது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் கொண்டு வர ஒரு மெல்லிய குழாய். சைக்ளோஸ்போரின் அந்தக் குழாயை இறுக்கிடும், தோட்டத்துக்குத் தண்ணி விடற ஹோஸ் பைப்பை மிதிச்சுப் பிடிச்ச மாதிரி. உள்ள வர்ற ரத்தம் குறையும், வடிகட்டறதும் குறையும், பிரஷர் ஏறும். இந்த நிலைமையில காலை எடுத்துட்டா, அதாவது மருந்தைக் குறைச்சா, இல்லை நிறுத்தினா, பெரும்பாலும் பழையபடி ஆயிடும். மாசக் கணக்குல, வருஷக் கணக்குல மிதிச்சுக்கிட்டே இருந்தா? குழாயோட சுவர் தடிச்சு, சுத்தியிருக்கிற திசு தழும்பாயிடும். தழும்பு தழும்புதான். அது திரும்ப வடிகட்டியா மாறாது.

அப்போ வலி மாத்திரை? குழாய் இறுகும்போது அதைத் திறந்து வைக்க கிட்னி தன் பங்குக்கு 'ப்ராஸ்டாக்ளாண்டின்'னு ஒரு ரசாயனத்தைச் சுரக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் நிறுத்தறதே அந்த ப்ராஸ்டாக்ளாண்டினைத்தான். ஒரு பக்கம் மிதிக்கிற காலு, இன்னொரு பக்கம் காப்பாத்த வந்த கையையும் கட்டிப் போட்டாச்சு. பத்து நாள் நான் பண்ணின வேலை இதுதான். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக்குகளும் இந்த மருந்தோட அளவை ரத்தத்துல ஏத்திவிடும். தொண்டை வலின்னு நானா வாங்கிச் சாப்பிட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் கதை!

'கிட்னி மாத்து ஆபரேஷன் பண்ணினவங்களுக்குக் கொடுக்கிற மருந்து, கிட்னியையே கெடுக்குமா மேடம்?'

'ஆமா. அதனாலதான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கணும்னு சொன்னேன். நல்ல மருந்துப்பா. உன்னைப் போல எத்தனையோ பேரைத் தூக்கி நிறுத்தியிருக்கு. தனியா விடக் கூடாது, அவ்வளவுதான்.'

அன்னைக்கே நிறுத்தினாங்க. அம்மாவுக்குப் போன் பண்ணினேன். கிட்னின்னு ஒரு வார்த்தை சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அடுத்த நாள் காலையில ஹாஸ்டல் வாசல்ல நிக்கிறாங்க. கையில ஒரு பாட்டில், அதே ஊதா எண்ணெய். 'காசு கேட்க வெக்கமாய்யா? எங்கிட்டயா?'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கலை. டாக்டர் திட்டாம விட்டதையும் சேர்த்துத் திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு எனக்கு.

ஒரு மாசத்துல 1.0. பிரஷர் 130-க்கு இறங்கிச்சு. மூணு மாசத்துல 0.9. அதுக்குக் கீழே வரவே இல்லை. அந்த 0.1 தழும்பா, லேப் வித்தியாசமா, நான் கொஞ்சம் சதை போட்டதானு இப்பவும் சில ராத்திரி யோசிக்கிறது உண்டு. டாக்டர், 'அதைப் பத்தி நீ கவலைப்படாதே, நான் பட்டுக்கிறேன்'னு சொல்லிட்டாங்க.

சொரியாசிஸ்? ஆறு வாரத்துல ஓடினது ஆறே வாரத்துல திரும்பி வந்துடுச்சு, அட்ரஸ் மறக்காம. கறுப்புச் சட்டை பெட்டிக்குள்ள போச்சு. ஃபைனல் இயர் கடைசி செமஸ்டரை வாரத்துக்கு மூணு நாள் புற ஊதாக் கதிர் பெட்டிக்குள்ள நின்னுதான் முடிச்சேன். அப்புறம் மெத்தோட்ரெக்ஸேட். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடற மாத்திரை. தினம் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. அது ஈரலைப் படுத்தலாம். வெளியேற வேண்டிய வழியும் கிட்னிதான். கிட்னி மந்தமா இருந்தா மருந்து உள்ளேயே தங்கிடும். அதனாலதான் என் 0.9 வர்ற வரைக்கும் டாக்டர் அதைத் தொடவே இல்லை. ஊசியா போடற பயாலஜிக் மருந்துகளும் இருக்கு. அதுக்கு முன்னாடி காச நோய் இருக்கான்னு பார்க்கணும், பர்ஸும் பார்க்கணும்.

இந்த மருந்தைச் சாப்பிடற யாராவது இதைப் படிச்சுட்டு இன்னைக்கு ராத்திரி மாத்திரையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுடாதீங்க ப்ளீஸ்! நானா நீட்டிச்சது எவ்வளவு முட்டாள்தனமோ, நீங்களா நிறுத்தறதும் அதே ரகம்தான். ஒரு போன் போட்டு, 'மருந்துக்கு முன்னாடி என் கிரியேட்டினின் எவ்வளவு இருந்துச்சு?'ன்னு உங்க டாக்டரைக் கேளுங்க. அந்த நம்பரை மொபைல்ல, உங்க ஆளோட பிறந்த நாளுக்குப் பக்கத்துலயே சேவ் பண்ணிக்குங்க.

இப்போ நான் ஒரு தண்ணீர் பரிசோதனை லேப்ல வேலை பார்க்கிறேன். முழங்கையில ரெண்டு திட்டு இருக்கு, மறைக்கிறது இல்லை. அந்த முதல் ரிப்போர்ட், 0.8 போட்ட பேப்பர், கோவில்பட்டியில அம்மாகிட்ட இருக்கு. லேமினேட் பண்ணி ரேஷன் கார்டோட சேர்த்து வெச்சிருக்காங்க. போன மாசம் டெஸ்ட் எடுத்த அன்னைக்கு நான் கூப்பிடறதுக்குள்ள அவங்களே கூப்பிட்டாங்க.

'இந்தத் தடவை எம்புட்டுய்யா?'

'பாயின்ட் ஒன்பதும்மா.'

'போன தடவையும் அதானே?'

'அதான்.'

'சரி, சாப்பிட்டியா?'